பள்ளிக்கூடத்திலிருந்து சட்டசபைக்கு: எம்.சி. ராஜாவும் திறக்காத கதவும்



சென்னைப் பரங்கிமலையில் பிறந்த ஒருவரைப் பற்றி வத்திராயிருப்பில் பேச வேண்டிய தேவை என்ன என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நாம் எம்.சி. ராஜாவை எடுத்துக்கொண்டதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதல் காரணம் ஒரு முகவரி. கூமாபட்டியிலிருந்தும் கான்சாபுரத்திலிருந்தும் சுந்தரபாண்டியத்திலிருந்தும் மேல்படிப்புக்காகச் சென்னைக்குப் போன நம் பிள்ளைகளில் சிலர் சைதாப்பேட்டையில் உள்ள அரசு விடுதியில் தங்கிப் படித்திருக்கிறார்கள். வீட்டுக்குப் பேசும்போது 'எம்.சி. ராஜா ஆஸ்டல்' என்பார்கள். அவர் யார் என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. ஒரு மாணவனின் தகப்பனார், "நம்ம ராஜபாளையத்து ராஜாக்கள்ல ஒருத்தர் கட்டிக் குடுத்ததா இருக்கும்" என்று சொன்னார். அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. மில்லும் பள்ளிக்கூடமும் கல்லூரியும் 'ராஜா' என்ற பெயரோடு நிற்கிற வட்டாரத்தில் வாழ்கிறவர் அவர். அந்தப் பெயரில் நம்மில் ஒருவர் இருந்திருக்க முடியும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது நம் தவறு.

இரண்டாவது காரணம் நம் வாக்கு. வத்திராயிருப்பு ஸ்ரீவில்லிபுத்தூர் சட்டமன்றத் தொகுதியில் வருகிறது, அது தனித்தொகுதி. நாடாளுமன்றத்துக்கு நாம் வாக்களிப்பது தென்காசித் தொகுதியில், அதுவும் தனித்தொகுதி. எந்தத் தேர்தல் வந்தாலும் பட்டியல் சாதி வேட்பாளர்களில் ஒருவரைத்தான் இந்த ஊர் தேர்ந்தெடுக்கிறது. ஆனால் அவரைத் தேர்ந்தெடுப்பது ஊரும் சேரியும் சேர்ந்து. ஜெயிக்கிறவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்? இந்த ஏற்பாடு எங்கே, எப்படி முடிவானது? அந்த முடிவில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் எம்.சி. ராஜா. அவர் தொழிலால் பள்ளி ஆசிரியர். அந்த ஆசிரியர் அரசியலுக்குள் போன பாதையையும், போன பிறகு அவருக்கு நேர்ந்ததையும் நாம் வாசிக்க வேண்டியது இந்தக் கேள்விக்காகத்தான்.

பள்ளியின் வாசல்

மயிலை சின்னத்தம்பி ராஜா 1883 ஜூன் 17 அன்று பிறந்தார். இராயப்பேட்டை வெஸ்லி மிஷன் பள்ளியிலும் பிறகு வெஸ்லி கல்லூரி, சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஆகியவற்றிலும் படித்தார். படித்து முடித்ததும் ஆசிரியரானார். பள்ளிக்கும் கல்லூரிக்கும் பாடநூல்கள் எழுதினார். பிற்காலத்தில், 1930 வாக்கில், ரங்கநாயகி அம்மாளோடு சேர்ந்து குழந்தைப் பாடல்களைத் தொகுத்து ஒரு நூலும் கொண்டுவந்தார். இன்று அங்கன்வாடிகளில் பாடப்படும் சில பாடல்கள் அந்தத் தொகுப்பில் உண்டு. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் யார் கைபிடித்துக் கற்றோம் என்று அறியாமலே கற்ற பாடம் அது.

அவர் பாடநூல் எழுதிய காலத்தில் பள்ளிக்கூடம் நமக்கு எப்படி இருந்தது? 1910களின் இறுதியில் அரசு எடுத்த ஒரு கணக்கை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுகிறார்கள். சென்னை மாகாணத்தில் பொது நிர்வாகத்தின் கீழ் இருந்த 8,157 பள்ளிகளில் 609 பள்ளிகள் மட்டுமே ஆதிதிராவிடப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டன. நூற்றுக்கு எட்டுக்கும் குறைவு. இவை பொதுப் பணத்தில் நடந்த பள்ளிகள். சேர்க்காததற்குக் காரணங்கள் தயாராக இருந்தன. பள்ளி அக்கிரகாரத்தில் இருக்கிறது. கோயில் மண்டபத்தில் நடக்கிறது. ஊர்ச் சாவடியில் நடக்கிறது. வாடகைக் கட்டடம், வீட்டுக்காரர் ஒப்பமாட்டார். நம் பிள்ளை வந்தால் மற்ற பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். சட்டத்தில் தடை எங்கும் இல்லை. இடத்தைத் தேர்ந்தெடுத்தபோதே கதவைச் சாத்திவிட்டார்கள்.

ஒரு ஆசிரியருக்கு இதைவிட அரசியல் பாடம் வேறு வேண்டியதில்லை. பாடநூல் எழுதலாம்; அந்தப் பாடநூல் நம் பிள்ளையின் கைக்குப் போய்ச் சேர வேண்டுமானால் பள்ளியின் வாசலைத் தீர்மானிக்கிற இடத்தில் ஆள் வேண்டும். அந்த இடம் வகுப்பறைக்கு வெளியே இருந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1890களில் தொடங்கிய பறையர் மகாஜன சபையின் வழியில் வந்த ஆதிதிராவிட மகாஜன சபைக்கு 1916இல் ராஜா செயலாளரானார். ஆசிரியர் அரசியல்வாதியான இடம் இதுதான்.

ஐந்து நாற்காலிகளும் ஒரு பெயரும்

1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னை மாகாணச் சட்டசபை விரிவாக்கப்பட்டது. அதில் 127 இடங்கள். வாக்குரிமை சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கு. பிலவக்கல்லின் கீழ்க்காட்டில் பிறர் வயலில் நாற்று நடுகிறவர்களுக்கு வாக்கு இருந்திருக்காது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எனவே பறையர், பள்ளர், வள்ளுவர், மாலா, மாதிகா, சக்கிலியர், செருமான், ஹொலயர் முதலிய சாதிகள் அனைத்துக்கும் சேர்த்து ஆளுநரின் நியமன இடங்களில் ஐந்து ஒதுக்கப்பட்டன. மாகாணத்தின் பல பத்து லட்சம் மக்களுக்கு ஐந்து நாற்காலி. 1920இல் ராஜா அந்த அவைக்குள் போனார். நீதிக்கட்சியோடு சேர்ந்து நின்றார்.

அங்கே அவர் ஆசிரியராகவே நடந்துகொண்டார் என்பது எங்கள் வாசிப்பு. ஆசிரியர் காலையில் முதல் வேலையாகச் செய்வது பெயர் கூப்பிடுவது. ராஜாவும் பெயரிலிருந்துதான் தொடங்கினார். 1922 ஜனவரி 20 அன்று அவர் அவையில் கொண்டுவந்த தீர்மானம் இது: அரசு ஆவணங்களில் 'பஞ்சமர்', 'பறையர்' என்ற சொற்களை நீக்கித் தமிழ் மாவட்டங்களில் 'ஆதிதிராவிடர்' என்றும் தெலுங்கு மாவட்டங்களில் 'ஆதி ஆந்திரர்' என்றும் எழுத வேண்டும். அவை ஏற்றுக்கொண்டது. 1922 மார்ச் 25 தேதியிட்ட 817ஆம் எண் அரசாணை வந்தது. நம்மிடம் இருக்கும் சாதிச் சான்றிதழில் தொடங்கி, துறையின் பெயர்ப்பலகை வரைக்கும் அந்த ஆணையின் கை நீண்டிருக்கிறது.

பெயர் மாற்றத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஒரு பிள்ளையின் பெயருக்கு எதிரே பதிவேட்டில் இழிசொல் எழுதப்படும்போது அந்தப் பிள்ளை நிமிர்ந்து 'உள்ளேன் ஐயா' என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பது ஆசிரியருக்குத் தெரியும். அதே நேரத்தில் தென்மாவட்டத்தில் இருந்து பேசுகிற நாம் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை எல்லோரும் தம் பெயராக ஏற்றுக்கொள்ளவில்லை. நம் பகுதியில் நெடுங்காலம் நடந்த கோரிக்கையின் பிறகு 2021இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி ஏழு சாதிப் பிரிவுகளைத் 'தேவேந்திரகுல வேளாளர்' என்ற ஒரே பெயரில் சேர்த்தது. அருந்ததியர் தம் பெயராலேயே 2009இல் உள் ஒதுக்கீடு பெற்றார்கள். தன் பெயரைத் தானே சொல்லும் உரிமை என்ற ராஜாவின் கோட்பாட்டை ஏற்பவர்கள், ராஜா வைத்த பெயரை மறுக்கும் உரிமையையும் ஏற்க வேண்டும். 2025இல் அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தபோதும் நமக்கு 1922 நினைவுக்கு வந்தது. நூறு வருடங்களாகப் பெயர்ப்பலகையைத் திருத்திக்கொண்டே இருக்கிறோம். பலகைக்குப் பின்னால் இருக்கும் கதவைப் பற்றி ராஜாவின் பிற்கால வாழ்க்கைதான் பேசுகிறது.

புளியந்தோப்பு

1921இல் சென்னை பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகளில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் அதில் சேரவில்லை. அன்றாடக் கூலியை விட்டால் அடுப்பு எரியாத நிலை ஒருபுறம். தம்மைச் சமமாக நடத்தாத சங்கத்தின் மேல் நம்பிக்கையின்மை மறுபுறம். மோதல் மூண்டது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்ட் 29 அன்று போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின.

அப்போது நீதிக்கட்சித் தலைமை எடுத்த நிலைதான் ராஜாவைப் புண்படுத்தியது. அரசின் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்களுக்குச் சலுகை காட்டிக் கெடுத்துவிட்டது என்ற குற்றச்சாட்டு அந்தக் கட்சியின் தரப்பிலிருந்தே எழுந்தது. அந்தத் துறை அப்போதுதான் சேரிகளுக்குத் தனிப் பள்ளிகளையும் மனையிடங்களையும் கொடுக்கத் தொடங்கியிருந்தது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் மூலம் அதுவே. பொதுப் பள்ளியில் இடம் தராதவர்கள், தனிப் பள்ளி தந்ததையும் சலுகை என்றார்கள். 1923இல் ராஜா நீதிக்கட்சியிலிருந்து விலகினார்.

இதை நாம் பிராமணரல்லாதார் இயக்கத்தை மொத்தமாகத் தள்ளிவிடுவதற்காகச் சொல்லவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1924இல் பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது இடங்கள் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை நிறைவேற்றியதும் அதே நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில்தான். கூட்டாளி என்பவர் எந்த இடத்தில் நம்மோடு வருவார், எந்த இடத்தில் நின்றுவிடுவார் என்பதைக் கணக்குப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம். 1925இல் ராஜா எழுதி வெளியிட்ட 'ஒடுக்கப்பட்ட இந்துக்கள்' என்ற பொருள்படும் ஆங்கில நூலை அந்தக் கணக்கின் ஒரு பகுதியாகவே வாசிக்கலாம்.

1932: ஆசிரியர் எடுத்த முடிவு

1927இல் ராஜா டெல்லியில் மத்திய சட்டசபையின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். ஒடுக்கப்பட்டோர் சார்பில் அந்த அவைக்குப் போன முதல் மனிதர் அவர். அகில இந்திய அளவில் ஒடுக்கப்பட்டோர் அமைப்புக்குத் தலைவராகவும் இருந்தார். சைமன் குழுவோடு சேர்ந்து பணியாற்ற அமைக்கப்பட்ட இந்தியக் குழுவில் இடம்பெற்றார். அந்தக் காலத்தில் தனி வாக்காளர் தொகுதி வேண்டும் என்ற கோரிக்கையின் பக்கமே அவர் நின்றார்.

1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் அழைக்கப்பட்டார்கள். ராஜாவுக்கு அழைப்பு இல்லை. 1932 தொடக்கத்தில் ராஜா இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். இடஒதுக்கீடு இருக்கும், ஆனால் தேர்தல் கூட்டுத் தொகுதியில் நடக்கும் என்பது அதன் சாரம். அழைப்பு கிடைக்காத மனக்குறையே இதற்குக் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு மனிதரின் முடிவை அப்படிச் சுருக்கிவிடுவதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. சிதறிக் கிடக்கிற, பிறர் நிலத்தில் பிழைக்கிற மக்கள் தேர்தலிலும் தனியாகப் பிரிந்து நின்றால் கிராமத்தில் அவர்களை யார் காப்பது என்பது கூட்டுத் தொகுதி ஆதரவாளர்களின் வாதம். வேலை மறுப்பும் ஊர்விலக்கும் எப்படி இருக்கும் என்று அறிந்த எவரும் அந்த அச்சத்தைப் பொய் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் அச்சம் உண்மையாக இருப்பதாலேயே அதிலிருந்து எடுக்கிற முடிவு சரியாகிவிடாது.

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு வகுப்புத் தீர்ப்பை அறிவித்தது. மாகாணச் சட்டசபைகளில் ஒடுக்கப்பட்டோருக்கு 71 இடங்கள். அந்த இடங்களில் வாக்களிப்பவர்கள் ஒடுக்கப்பட்டோர் மட்டுமே. அதற்கு மேல் பொதுத் தொகுதியிலும் ஒரு வாக்கு. இதுதான் இரட்டை வாக்குரிமை. செப்டம்பர் 20 அன்று காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் தொடங்கினார். 24ஆம் தேதி பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. அம்பேத்கரும் ராஜாவும் அதில் கையெழுத்திட்டவர்கள். 71 இடங்கள் 148 ஆயின. சென்னை மாகாணத்துக்கு 18 என்றிருந்தது 30 ஆனது. விலையாகக் கொடுத்தது இரட்டை வாக்குரிமையை. முதல் கட்டத்தில் ஒடுக்கப்பட்ட வாக்காளர்கள் மட்டும் கூடி நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். இறுதியில் அந்த நால்வரில் ஒருவரை எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள் என்பது ஏற்பாடு. சுதந்திரத்துக்குப் பிறகு அரசியல் சட்டத்தில் அந்த முதல் கட்டமும் இல்லாமல் போனது. மிச்சமானதுதான் இன்று நம் ஊரில் நாம் வாக்களிக்கிற தனித்தொகுதி.

ஆகவே 1932இல் இடங்கள் இரு மடங்காயின. அந்த இடங்களில் உட்காருகிறவர்களை நம்மால் மட்டும் உட்கார வைக்கவோ எழுப்பவோ முடியாமல் போனது. இந்த வித்தியாசத்தின் பொருள் என்ன என்று ராஜாவுக்கு ஆறு வருடத்தில் தெரிந்தது.

1938: இரண்டு மசோதாக்கள்

1937 தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் பெரும்பான்மை பெற்றது. ஒதுக்கப்பட்ட 30 இடங்களில் 26 இடங்களை அந்தக் கட்சியே வென்றது. ஆளுநரின் அதிகாரம் குறித்த தகராறில் காங்கிரஸ் உடனே ஆட்சி அமைக்க மறுத்தது. இடைப்பட்ட காலத்தில் கூர்ம வெங்கட்ட ரெட்டி நாயுடு தலைமையில் ஓர் இடைக்கால அமைச்சரவை அமைந்தது. 1937 ஏப்ரல் 1 முதல் ஜூலை 14 வரை அது நீடித்தது. அதில் ராஜா வளர்ச்சித் துறை அமைச்சர். பள்ளி ஆசிரியர் ஒருவர், நம் மக்களில் ஒருவர், மாகாண அமைச்சரானார். மூன்றரை மாதம். அமைச்சராக அவர் என்ன செய்தார் என்று தேடுவதைவிட, அமைச்சர் பதவி போன பிறகு சாதாரண உறுப்பினராக என்ன செய்தார் என்று பார்ப்பதே பயனுள்ளது.

1938இல் ராஜா சட்டசபையில் இரண்டு மசோதாக்களை முன்வைத்தார். ஒன்று குடிமைத் தடைகளை நீக்குவது. பொதுக் கிணறு, குளம், பாதை, வண்டி, பொது வேலை எதிலும் சாதியின் பேரால் ஒருவரைத் தடுக்கக் கூடாது. அப்படிப்பட்ட வழக்கத்தை நீதிமன்றம் அங்கீகரிக்கக் கூடாது. இது சட்டமானது. 1938ஆம் ஆண்டின் 21ஆம் சட்டம். 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டத்துக்கும் 1989இல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கும் முன்னோடிகளைத் தேடுகிற மாணவர்கள் இந்தச் சட்டத்தை வாசிக்க வேண்டும்.

மற்றொன்று ஆலய நுழைவு மசோதா. அதற்கு முன்பே 1936 நவம்பரில் திருவிதாங்கூர் அரசர் தம் ஆட்சிக்குட்பட்ட கோயில்களைத் திறந்துவிட்டிருந்தார். பூனாவில் ராஜாவின் கையெழுத்தைப் பெற்றவர்கள் தீண்டாமையை ஒழிப்போம் என்று உறுதிகொடுத்தவர்கள். இப்போது அவர்களே ஆட்சியில். ராஜாஜி முதல்வர். மாகாணம் முழுமைக்குமான சட்டம் வேண்டாம், முதலில் மலபாருக்கு மட்டும் போதும், பொதுமக்கள் கருத்து இன்னும் பக்குவப்பட வேண்டும் என்று ராஜாஜி சொன்னார். மசோதாவைத் திரும்பப் பெறும்படி கேட்டார். ராஜா மறுத்தார். காந்திக்கு எழுதினார். ராஜாஜியை நம்புங்கள் என்பதே அங்கிருந்து வந்த அறிவுரை. மசோதா தோற்கடிக்கப்பட்டது.

அந்த அவையில் ஒதுக்கப்பட்ட இடங்களில் வென்ற காங்கிரஸ்காரர்கள் 26 பேர் இருந்தார்கள் என்பதைத் திரும்பவும் நினைத்துப் பாருங்கள். அமைச்சரவையிலும் நம்மவர் ஒருவர் இருந்தார்: வி.ஐ. முனுசாமிப் பிள்ளை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் பிள்ளைகளும் கோயில் வாசலில் நின்றவர்கள்தான். ஆனால் அவர்களுக்கு டிக்கெட் கொடுத்தது கட்சி. அவர்களை ஜெயிக்க வைத்தது ஊரின் வாக்கு. கட்சி ஒரு பக்கம் நிற்கச் சொன்னபோது மறுபக்கம் போய் நிற்கும் வலிமை அந்த நாற்காலிக்கு இல்லை. இந்த உண்மையை விரிவாக எடுத்துப் பேசியவர் அம்பேத்கர். காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதோருக்குச் செய்தது என்ன என்று கேட்டு 1945இல் அவர் வெளியிட்ட நூலில் ராஜாவின் மசோதாவுக்கு நேர்ந்த கதிக்கு இடம் தந்திருக்கிறார். 1932இல் எதிரெதிர் நிலையில் நின்ற இருவரில் ஒருவரின் அனுபவம் மற்றவரின் வாதத்துக்குச் சாட்சியாகிவிட்டது.

அடுத்த வருடம், 1939 ஜூலை 8 அன்று, வைத்தியநாத ஐயர் கக்கன் உள்ளிட்ட தோழர்களோடு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். போனவர்களைப் பாதுகாக்க ராஜாஜி அரசு அவசரமாகச் சட்டம் கொண்டுவந்தது. விருப்பப்படும் கோயில்கள் திறக்கலாம் என்ற அளவில்தான் அது இருந்தது. எல்லாக் கோயில்களிலும் நுழைவதை உரிமையாக்கிய சட்டம் 1947இல்தான் வந்தது. பொதுமக்கள் கருத்து பக்குவப்படவில்லை என்று சொல்லி ஒரு வருடத்துக்குள் பக்குவப்பட்டுவிட்டதா? நம் மக்களின் பிரதிநிதி கேட்கும்போது முடியாதது, ஆள்கிறவர்கள் தாங்களாகக் கொடுக்கும்போது முடிகிறது. வைத்தியநாத ஐயரின் துணிவை நாம் மறுக்கவில்லை. பாடப்புத்தகத்தில் அவர் பெயர் இருப்பதும் சரியே. அதற்கு முந்தைய வருடத்துப் பக்கம் கிழிக்கப்பட்டிருப்பதைத்தான் கேட்கிறோம்.

அதன் பிறகு

ராஜாவின் கடைசி வருடங்களைப் பற்றி உருக்கமாகப் பேச எங்களுக்கு விருப்பமில்லை. சில உண்மைகள் போதும். 1936இல் அம்பேத்கரின் மதமாற்ற முடிவை எதிர்த்தவர் அவர். அதே ராஜா, 1942 மார்ச்சில் கிரிப்ஸ் டெல்லிக்கு வந்தபோது அம்பேத்கரோடு சேர்ந்து போய் அவரைச் சந்தித்தார். கிரிப்ஸ் கொண்டுவந்த யோசனையில் நம் மக்களுக்குப் பாதுகாப்பு எதுவும் இல்லை என்பதே அங்கே இருவரும் சொன்னது. பத்து வருடம் பிரிந்திருந்தவர்கள் ஒரே அறையில் ஒரே கோரிக்கையோடு உட்கார்ந்தார்கள். 1943இல் ராஜா தாம் பிறந்த பரங்கிமலையில் காலமானார். வயது அறுபது.

அதன் பிறகு அவரை யாரும் சொந்தம் கொண்டாடவில்லை. திராவிட இயக்க வரலாற்றில் அவர் 1923இல் விலகிப் போனவர். காங்கிரஸ் வரலாற்றில் 1938இல் தொந்தரவு செய்தவர். அம்பேத்கரிய வரலாற்றில் 1932இல் எதிர்ப்பக்கம் நின்றவர். மூன்று வீட்டிலும் ஒரு குறை இருந்ததால் எந்த வீட்டின் சுவரிலும் படம் மாட்டப்படவில்லை. வே. அலெக்ஸ் போன்றவர்கள் அவருடைய எழுத்தையும் பேச்சையும் தேடித் தொகுத்த பிறகுதான் நம் தலைமுறைக்கு அவர் வாசிக்கக் கிடைத்தார். அதுவரை அவர் ஒரு விடுதியின் பெயர்.

நமக்கும் இதில் ஒரு பழக்கம் உண்டு. தலைவர் என்றால் பிழையே செய்யாதவராக இருக்க வேண்டும். பிழை செய்தவர் என்று தெரிந்தால் துரோகி. இந்த இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் நம் முன்னோர்கள் பலர் காணாமல் போனார்கள். ராஜா 1932இல் எடுத்த முடிவு தவறு என்றே நாங்கள் கருதுகிறோம். அந்தத் தவறு எவ்வளவு பெரியது என்பதை 1938இல் எல்லோர் முன்னும் காட்டியவரும் அவரே. மசோதாவைத் திரும்பப் பெற்றிருந்தால் அவருக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும். திரும்பப் பெறாமல் தோற்றார். அந்தத் தோல்வி நமக்கு விட்டுப்போன ஆவணம்.

நம் முன்னால் உள்ள வேலை

மாணவர்களுக்கு முதலில் ஒரு வேலை சொல்கிறோம். உங்கள் ஊரில் உள்ள பழைய பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளைப் பாருங்கள். நம் பிள்ளையின் பெயர் முதன்முதலில் எந்த வருடத்தில் ஏறியது என்று தேடுங்கள். பிறகு எத்தனை வருடம் கழித்து ஒரு பெண்பிள்ளையின் பெயர் ஏறியது என்று பாருங்கள். உங்கள் தாத்தா பாட்டியிடம் பள்ளி எங்கே நடந்தது, எங்கே உட்கார வைத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். 8,157இல் 609 என்ற கணக்கு மாகாணத்துக்கானது. வத்திராயிருப்புக்கான கணக்கை நாம்தான் எடுக்க வேண்டும். ராஜா சட்டசபையில் செய்ததன் தொடர்ச்சி அதுவே.

பள்ளியின் வாசல் இப்போது திறந்திருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்பது வேறு கதை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் தங்கையும் வீட்டில் வைத்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன் படித்தவர்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் நிறக்கயிறு வரைக்கும் அந்த அறிக்கை பேசுகிறது. நம் தாலுகாவில் எந்தப் பள்ளியில் அந்தப் பரிந்துரைகளில் எது நடைமுறைக்கு வந்தது என்று கேட்க நாம் அமைச்சராக வேண்டியதில்லை.

செயல்பாட்டாளர்களுக்கு ஒரு வேலை. தனித்தொகுதியில் அடுத்த தேர்தல் வரும்போது வேட்பாளர்கள் சேரிக்கு வருவார்கள். சாலை, தண்ணீர், மயானப் பாதை என்று நாம் கேட்போம், கேட்கத்தான் வேண்டும். அதோடு மற்றொரு கேள்வியையும் கேட்போம். உங்கள் கட்சி ஒரு பக்கமும் நாங்கள் ஒரு பக்கமும் நிற்கிற நாள் வந்தால் நீங்கள் எங்கே நிற்பீர்கள்? அவர்கள் உடனே பதில் சொல்லிவிடுவார்கள். அந்தப் பதிலை எழுதி வைத்துக்கொண்டு, ஐந்து வருடமும் சட்டமன்றத்தில் அவர்கள் என்ன கேள்வி கேட்டார்கள், எதற்கு வாக்களித்தார்கள் என்று பார்த்து, வருடத்துக்கு ஒருமுறை இதே மண்டபத்தில் வாசிப்போம். பூனாவில் போன இரட்டை வாக்கை நம்மால் இன்று மீட்க முடியாமல் இருக்கலாம். பிரதிநிதியைக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்கும் பழக்கத்தை யாரும் எந்த ஒப்பந்தத்திலும் எழுதி வாங்கவில்லை. அதை நாமே விட்டுவிட்டோம்.

கடைசியாக அந்த விடுதி. 2025இல் தமிழக அரசு நலத்துறை விடுதிகளைச் 'சமூகநீதி விடுதிகள்' என்று அழைக்கப்போவதாக அறிவித்தது. நல்ல பெயர். அங்கே தங்கப் போகும் நம் பிள்ளைகளிடம் நாம் ஒன்றைச் சொல்லி அனுப்புவோம். எம்.சி. ராஜா ராஜபாளையத்து மில் முதலாளி இல்லை, ஜமீன்தாரும் இல்லை. சின்னத்தம்பி என்பவரின் மகன். பாடம் நடத்தியவர், பாடநூல் எழுதியவர். நம் பெயரைப் பதிவேட்டில் திருத்தியவர். ஒரு கதவைத் திறக்கச் சொல்லி, திறக்காதபோதும் கோரிக்கையைத் திரும்ப வாங்கிக்கொள்ளாதவர். இதைத் தெரிந்துகொண்டு அந்த முகவரியை எழுதட்டும்.